அம்மா ஓடிய காட்சி

யுவராணியின் அம்மா சினிமாவில் நடித்திருக்கிறாள்.

இதைச் சொன்னால் ஒட்டுப்பாறையில் யாரும் சட்டென்று நம்பிவிட மாட்டார்கள். சுருளிப்பட்டிக்கு அப்பால், மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. ஊரில் செல்போன் வைத்திருந்தவர்களே அப்போது இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்கு வேப்பமரத்தில் ஏறினால்தான் பேச்சுக் கேட்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு நடிகையா என்று கேட்கத்தானே செய்வார்கள்?

ஆனால் யுவராணிக்குத் தெரியும். அவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

போன வருடம் கூடலூர்ப் பக்கம் மாமாவின் தோட்டத்துக்குத் திராட்சை வெட்டுவதற்காக அம்மா போயிருந்தாள். யுவராணியும் கூடப் போயிருந்தாள். அங்கே படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. படத்தின் பெயர் ‘வேனைப் பிடி’. ஊரெல்லாம் பேர் பெற்ற ஒரு பாட்டுக் குழு வேனில் ஊர் ஊராகப் போகிறது. அந்தப் பாட்டுக்காரர்களை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் வேனைத் துரத்திக்கொண்டே போகிறார்கள். அவ்வளவுதான் கதை. சிரிப்புப் படம்.

திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்து வண்டிப்பாதையில் வேன் போக வேண்டும், பின்னாலேயே பெண்கள் கூட்டமாக ஓட வேண்டும். கூட்டத்தில் ஓடுவதற்குத் தேனியிலிருந்து வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய உதவியாளர் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். ஒல்லியாக, சுறுசுறுப்பாகத் திராட்சை வெட்டிக்கொண்டிருந்த அம்மா கண்ணில் பட்டாள்.

“அக்கா, நீங்க ஓடுவீங்களா?”

“எதுக்குய்யா ஓடணும்?” என்று கேட்டாள் அம்மா.

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? சுடிதார் போட்டு, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் வைத்துவிட்டார்கள். அம்மாவைப் பார்த்து யுவராணி சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது.

வேன் கிளம்பியது. பெண்கள் ஓடினார்கள். அம்மா கடைசியில்தான் ஓடினாள். அப்போதுதான் மாமா வீட்டுக் கோம்பை நாய் செவலை அவளைப் பார்த்தது. சேலையில் மட்டுமே பார்த்துப் பழகிய அம்மாவைச் சுடிதாரில் பார்த்ததும் யாரோ களவாணி என்று நினைத்துவிட்டது போல. கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

அப்புறம் அம்மா ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை வாயால் சொல்லி முடியாது. முன்னால் ஓடிய அத்தனை பெண்களையும் முந்தினாள். வேனை எட்டிப் பிடித்து, பின்பக்கக் கம்பியைப் பற்றித் தொற்றிக்கொண்டாள். டைரக்டர் துள்ளிக் குதித்து, “இதுதான் வேணும், இதுதான் வேணும்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா யுவராணியின் காதோடு சொன்னாள். “ஆத்தா, நாய் விஷயத்தை மட்டும் ஊருக்குள்ள சொல்லிராத.”

யுவராணி சொல்லவில்லை. ஆகவே ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அவள் அம்மா மொக்கம்மாள் சினிமாவில் ஓடியிருக்கிறாள், எல்லாருக்கும் முன்னால் ஓடியிருக்கிறாள். அதைக்கூட முக்கால்வாசிப் பேர் நம்பவில்லை.

நம்பாதவர்களில் முதல் ஆள் அக்கம்மாள் அத்தை. யுவராணியின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அம்மாவோடுதான் தினமும் திராட்சை வெட்டப் போவாள். இரண்டு பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கையை வீசி நடக்கிறவள். வாய் மட்டும் சும்மா இருக்காது. “என்ன மதினி, இன்னைக்கு ஷூட்டிங் இல்லையா?” என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவும், “படம் வரட்டும், அப்பப் பேசிக்கிறேன்” என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டே இருந்தாள்.

படம் வந்தது. வந்த சுவடு தெரியாமல் தேனியில் மூன்றே நாள் ஓடிவிட்டுப் போய்விட்டது. நல்லவேளையாக, கம்பத்தில் ஒரு மூலையில் இருக்கிற செங்கதிர் டாக்கீஸ் அந்தப் படத்தை எடுத்தது. பழைய படமும், ஓடாத படமும் போடுகிற தியேட்டர். வெள்ளிக்கிழமை வந்த படம் ஞாயிற்றுக்கிழமையோடு கிளம்பிவிடும். திங்கட்கிழமை வேறு படம்.

“ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு எல்லாரும் போவோம்” என்று அம்மா தோட்டத்துப் பெண்களிடம் சொல்லி வைத்தாள். அன்றைக்கு உடுத்துவதற்காக ஊதா நிறச் சேலையைத் துவைத்து மடித்தாள். தம்பி விஜய்பாண்டியின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அடுப்படியில் பாட்டு வேறு பாடினாள்.

சனிக்கிழமை கேரளாவில் ஹர்த்தால். அங்கேயிருந்து லாரி வராது, ஆகவே திராட்சை வெட்டும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார முடியாத அக்கம்மாள் அத்தை இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாள் முன்னாடியே படத்துக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் குழாயடிக்கு வந்தாள். அங்கே அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். யுவராணி குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“மதினி, முழுப் படமும் கண்ணைச் சிமிட்டாமப் பாத்தோம். வேன் வந்துச்சு. பாட்டுக்காரங்க வந்தாக. ரோட்டுல புள்ளைக ஓடினாக. திராட்சைப் பந்தலும் இல்ல, நீயும் இல்ல.”

குழாயடியில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

“நல்லாப் பாத்தியா அக்கம்மா?” என்று கேட்டாள் அம்மா.

“உன் முகம் எனக்குத் தெரியாதா? நீ ஓடினது நெசந்தான். ஆனா கனவுல ஓடியிருப்ப.”

“இல்ல அத்தை, நான் பாத்தேன். அம்மா ஓடினாக” என்றாள் யுவராணி.

“நீ உங்கம்மா பிள்ளை, வேற எப்படிச் சொல்லுவ?” என்று அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

குடம் நிறைந்து வழிந்தது. அதைக்கூட அம்மா கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊதாச் சேலையை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“அம்மா, நாளைக்குப் படம்?”

“நீங்க போய்ட்டு வாங்க. நான் எதுக்கு? இல்லாத என்னைத் தேடிப் பாக்கவா?” என்றாள் அம்மா. பிறகு மெதுவாகச் சொன்னாள். “என் மூஞ்சி நல்லா இல்லைன்னு வெட்டி எடுத்திருப்பாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது.”

அம்மாவைப் பொய்க்காரி என்று ஊர் சிரித்ததைவிட, அம்மாவே தன் முகத்தைப் பற்றி இப்படிச் சொன்னதுதான் யுவராணிக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அடுப்படியில் பாட்டுக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கே அவள் கிளம்பிவிட்டாள். கம்பத்தில் ஹுஸ்னாவின் வீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் யுவராணிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ஹுஸ்னா. அத்தா என்று அவள் கூப்பிடுகிற அப்பா நத்தர்ஷாதான் செங்கதிர் டாக்கீஸில் டீக்கடை வைத்திருக்கிறார். “ஹுஸ்னாவைப் பாத்துட்டு மத்தியான பஸ்ஸுக்கு வந்திர்றேன்” என்று யுவராணி சொன்னாள். அம்மா வெறுமனே தலையாட்டினாள்.

ஹுஸ்னா வீட்டில் இல்லை, தியேட்டரில் இருந்தாள். அத்தாவுக்கு டம்ளர் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யுவராணி கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நத்தர்ஷா நிமிர்ந்து பார்த்தார்.

“திராட்சைப் பந்தல் பக்கமா ஒரு பொண்ணை நாய் துரத்துற சீன்தானே? வெள்ளிக்கிழமை பாத்தேனே. சிரிச்சுச் சிரிச்சுப் பாலைப் பொங்க விட்டுட்டேன்.”

யுவராணி அப்படியே நின்றுவிட்டாள். “அது எங்கம்மா, மாமா.”

“அட. உங்கம்மாவா அது? என்னா ஓட்டம்.”

“அப்ப, நேத்து மட்டும் ஏன் அந்த சீன் வரல?”

நத்தர்ஷாவுக்குத் தெரியவில்லை. “அதை மேல ஆபரேட்டரிட்ட கேளு” என்று படிக்கட்டைக் காட்டினார்.

ஆபரேட்டர் சுருளியாண்டி அண்ணன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சிறுமிகள் வாசலில் வந்து நின்றதும், “இங்கனயெல்லாம் வரக்கூடாது பாப்பா” என்றார். யுவராணி விஷயத்தைச் சொன்னதும் துடைப்பதை நிறுத்திவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பிலிம் சுருள் ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது.

“இதுதான். உங்கம்மா இங்கனதான் இருக்காக.”

“நீங்களா வெட்டினீங்க? எதுக்குண்ணே?”

“உங்க பஸ்ஸுக்காகத்தான்” என்றார் அவர்.

யுவராணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மத்தியான ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலையடிவாரத்துப் பெண்கள். அவர்களுக்கு ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் எட்டு மணிக்குத்தான் பஸ். வெள்ளிக்கிழமை படம் முழுதாக ஓடியது. பஸ் போய்விட்டது.

“கைப்பிள்ளைகளை வச்சுக்கிட்டு எட்டு மணி வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தாக. என்னைய மண்ணை வாரித் தூத்தாத குறைதான். பாவமா இருந்துச்சு. அதான் சனிக்கிழமை காலையில நாலஞ்சு நிமிசத்தை வெட்டி எடுத்துட்டேன். படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒட்டிருவேன். கதைக்கு வேண்டாத சீனு. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

“எங்கம்மாவுக்கு அப்படி இல்லண்ணே” என்றாள் யுவராணி.

சுருளியாண்டி அண்ணன் அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் யுவராணிக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும், சண்டை போட்டிருப்பாள். இவரோ அவளுடைய ஊர்க்காரர்களுக்கு நல்லது செய்யப்போய்த்தான் அம்மாவை டப்பாவில் அடைத்திருக்கிறார்.

“ஆட்டத்தைக் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிக்கலாமே?”

“டிக்கெட் கொடுத்து முடிக்காம எப்படி ஆரம்பிக்கிறது?”

“இடைவேளையைக் குறைக்கலாமே?” என்று கேட்டாள் ஹுஸ்னா.

“அதை உங்க அத்தாட்ட கேளு. கடையில கடைசி ஆள் டீ வாங்குற வரைக்கும் நான் மணி அடிக்கக் கூடாது. இந்தத் தியேட்டர்ல அதுதான் வழக்கம். பத்து நிமிச இடைவேளை இருபது நிமிசம் போகுது.” அவர் பிலிம் சுருளைக் கையில் எடுத்தார். “இப்படிச் செய்வோம். நேரத்தை நீங்க கொண்டாங்க, துண்டை நான் ஒட்டுறேன். ஆனா ஒண்ணு. இடைவேளை இழுத்துச்சுன்னா மறுபடியும் எடுத்துருவேன். கைப்பிள்ளைக்காரிகளை மறுபடியும் வாசல்ல உக்கார வைக்க என்னால ஆகாது.”

யுவராணி கீழே வந்தாள். டீக்கடை ஜன்னலைப் பார்த்தாள். ஒரே ஒரு ஜன்னல். அதில் ஒரு கை நுழையலாம், நெருக்கினால் இரண்டு. இடைவேளையில் மொத்தத் தியேட்டரும் இந்த ஜன்னலில் வந்து முட்டும். நத்தர்ஷா ஒருவரே டீ ஆற்றி, முறுக்கு எடுத்து, சில்லறையும் கொடுக்க வேண்டும். இருபது நிமிடம் ஆகாமல் என்ன செய்யும்?

“மாமா, கூட்டம் உங்ககிட்ட வராம, டீ கூட்டத்துக்கிட்டப் போனா என்ன?”

“எப்படிப் போகும்? அதுக்குக் காலா இருக்கு?”

“எங்களுக்கு இருக்குல்ல. நானும் ஹுஸ்னாவும் முறுக்குத் தட்டைத் தூக்கிட்டுப் போறோம். இடைவேளை விட்ட உடனே ஆளுக்கு ஒரு பக்கம் போயிருவோம். நீங்க ஆத்திக் கொடுத்தாப் போதும்.”

நத்தர்ஷா தாடியைத் தடவிக்கொண்டார். யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகமே சொன்னது. ஆனாலும், “முறுக்குச் சரி. டீ டம்ளர் அடுக்கின தட்டை நீங்க தூக்க முடியாது. கொதிக்கக் கொதிக்க இருக்கும். பெரிய ஆள் வேணும். கை ஆடாத ஆளா இருக்கணும்” என்றார்.

கை ஆடாத ஆள். யுவராணிக்கு அப்படி ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அந்த ஆளிடம் போய்க் கேட்பதை நினைத்தால்தான் கசந்தது.

மத்தியான பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியதும் அவள் முதலில் அக்கம்மாள் அத்தை வீட்டுக்குத்தான் போனாள். அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஒரு உதவி. தியேட்டர்ல டீத் தட்டுத் தூக்க ஆள் வேணுமாம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தக்கூடாதாம். நம்ம ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்லைன்னு நான் சொல்லிட்டேன். நீங்க டிக்கெட்டும் எடுக்க வேண்டாம், டீயும் சும்மா.”

அத்தை கரண்டியைப் பிடித்தபடி அவளை உற்றுப் பார்த்தாள். நேற்று குழாயடியில் தான் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“என்மேல உனக்குக் கோவம் இல்லையா பிள்ளை?”

“இருக்கு” என்றாள் யுவராணி. “ஆனா தட்டைத் தூக்க நீங்கதான் சரி.”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “வர்றேன், போ.”

அடுத்தது அம்மா. துண்டை ஒட்டப்போகிற விஷயத்தை யுவராணி சொல்லவில்லை. ஒருவேளை ஒட்டாமல் போய்விட்டால்? அம்மா இரண்டாம் தடவையும் ஏமாந்து போவதை அவளால் பார்க்க முடியாது. “நான் ஹுஸ்னா அத்தாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்மா. முறுக்கு விக்கணும். தம்பியை யார் பாத்துக்கிறது? நீ வந்துதான் ஆகணும்” என்றாள்.

“உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று முணுமுணுத்தாள் அம்மா. கொடுத்த வாக்கை மீறுவது அவளுக்குப் பிடிக்காது. கிளம்பினாள். ஆனால் ஊதாச் சேலையை உடுத்தவில்லை. தோட்டத்துக்குப் போகிற பழைய சேலையோடுதான் வந்தாள்.

தியேட்டரில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் ஒட்டுப்பாறைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். படம் ஓடியது. யுவராணிக்குப் படத்தில் மனசே போகவில்லை. இடைவேளை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்ததும், எழுந்திருக்கப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். அக்கம்மாள் அத்தை தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் டீத் தட்டை வைத்து, ஒரு கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தாள். இன்னொரு கையில் சுண்டல் வாளி. “உக்காருங்க, உக்காருங்க. எல்லாருக்கும் வரும். எந்திரிச்சவகளுக்குக் கிடையாது” என்று அதட்டினாள். திராட்சைத் தோட்டத்தில் மூன்று பந்தலுக்குக் கேட்கிற குரல் அது. ஆண்கள் பக்கத்தில்கூட ஒருத்தரும் அசையவில்லை.

இந்தப் பக்கம் யுவராணி, அந்தப் பக்கம் ஹுஸ்னா. விஜய்பாண்டி பின்னாலேயே வந்து காலி டம்ளரைப் பொறுக்கினான். நடுவில் இரண்டு முறுக்கு அவன் பைக்குள் போனதை யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். ஜன்னலுக்குள் நத்தர்ஷா வேர்க்க விறுவிறுக்க டீ ஆற்றினார். கடைசித் தட்டைத் தூக்கிவிட்டதும் வெளியே வந்து மாடியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மணி அடித்தது. பாதி டம்ளர் டீயோடு இருந்தவர்கள், “அதுக்குள்ளயா?” என்றார்கள்.

யுவராணி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுருளியாண்டி அண்ணனுக்கு இது போதுமா? ஒரு பாட்டுப் போனது. ஒரு சண்டை போனது. வேன் மலைப்பாதையில் இறங்கியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்பியின் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள்.

திரையில் திராட்சைப் பந்தல் வந்தது.

“அம்மா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள் யுவராணி.

பச்சைப் பந்தல், செம்மண் பாதை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேன். பின்னால் பெண்கள் கூட்டம். கடைசியில், இரட்டைச் சடை ஆட ஆட, ஒல்லியாக ஒருத்தி. அவளுக்குப் பின்னால் பாய்ந்து வருகிறது செவலை. அவள் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் அகன்றன. அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாக முந்தினாள். திரை முழுக்க அவள் முகம்தான். அம்மாவின் முகம். அத்தனை பெரிதாக, அத்தனை பயத்தோடு, அத்தனை அழகாக.

காலித் தட்டோடு நடுவழியில் நின்றுகொண்டிருந்த அக்கம்மாள் அத்தையிடமிருந்து வந்தது சத்தம்.

“ஏ மதினி! நீதான்! நீயேதான்!”

தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. நாய் கடைசியில் வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சிரைத்தபோது, “இதுனாலதான் முன்னால ஓடினியா?” என்று ஒருத்தி கேட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று யுவராணிக்குத் தெரியும்.

அதோடு விட்டார்களா? அக்கம்மாள் அத்தை தட்டைத் தட்டிக்கொண்டு, “ஒன்ஸ் மோர்” என்று ஆரம்பித்தாள். பெஞ்சு முழுவதும் கத்தியது. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. படம் நின்றது. மேலே சின்னச் சதுர ஓட்டையில் சுருளியாண்டி அண்ணனின் முகம் தெரிந்தது. இவ்வளவு வருடத்தில் பாட்டுக்கு ஒன்ஸ் மோர் சத்தம் அவர் கேட்டிருக்கிறார், நாய்க்குக் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா மறுபடியும் முதலிலிருந்து ஓடினாள்.

நல்ல காரியம்தான். ஆனால் யுவராணி பாடுபட்டு மிச்சம் பிடித்த நேரம் அத்தனையும் அதில் போய்விட்டது.

படம் முடிந்து வாசலுக்கு வந்தபோது தியேட்டர் முக்கில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பியது.

“போச்சு, எட்டு மணி வரைக்கும் இங்கனதான்” என்றாள் ஒருத்தி.

அம்மா அதைக் கேட்க நிற்கவில்லை. விஜய்பாண்டியை யுவராணியின் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் சொருகினாள். ஓடினாள்.

அவளுக்குப் பின்னால் அக்கம்மாள் அத்தை ஓடினாள், தலையில் சும்மாட்டோடு. அவளுக்குப் பின்னால் ஒட்டுப்பாறைப் பெண்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். தம்பியை இழுத்துக்கொண்டு யுவராணியும் ஓடினாள். வாசலில் நின்ற ஹுஸ்னாவும் நத்தர்ஷாவும் கையைத் தட்டினார்கள். இந்தத் தடவை நாய் எதுவும் துரத்தவில்லை. ஆனாலும் அம்மாதான் எல்லாருக்கும் முன்னால். பஸ்ஸை எட்டிப் பிடித்து அதன் முதுகில் படபடவென்று தட்டினாள்.

பஸ் நின்றது. எல்லாரும் மூச்சிரைக்க ஏறினார்கள். கண்டக்டர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டே அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“என்னம்மா நீங்க, சினிமாவுல ஓடுற மாதிரி ஓடி வர்றீக?”

அம்மாவுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. அவளுக்காக அக்கம்மாள் அத்தைதான், மொத்தப் பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி, சொன்னாள்.

“மாதிரி என்னய்யா மாதிரி? சினிமாவுல ஓடினவளே எங்க மதினிதான்.”